தலைவலிக்கு ரத்தம் சொன்ன சாட்சி

எழுதத் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. கல்யாண வீட்டில் என் இலைக்கு சாம்பார் வராமல் போனதால் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். இப்படிப்பட்டவள் பேனாவைத் தூக்குவது கொஞ்சம் அதிகம்தான். அதுவும் ரத்தம், அழற்சி என்று டாக்டர்கள் பேச வேண்டிய விஷயத்தைப் பற்றி. ஆனால் அந்த ரத்தம் என்னுடையது. அந்த ஒரு பாத்தியதையில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இன்னும் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில்தான் இருந்தோம். என் கணவர் மஸ்ஜித் தானா டவுனில் ஒரு சாமான் கடைக்கு லோரி ஓட்டினார். நான் செங் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போய்வந்தேன். கம்பெனி பஸ் தோட்டத்து முச்சந்திக்கே வரும். என் வேலை, கறுப்புப் பூச்சி மாதிரி இருக்கும் சில்லுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து அவற்றின் கால்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பது. கோணல் கால் இருந்தால் ரிஜெக்ட் தட்டு. நேராக இருந்தால் நல்ல தட்டு. எட்டு மணி நேரம் இதுதான். கண்ணுக்குக் கீழே பளீரென்று ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

எனக்கு ஒற்றைத் தலைவலி. முதலில் இடது கண் ஓரத்தில் ஒரு வெளிச்சம் நெளியும், உச்சி வெயிலில் தகரக் கூரையைப் பார்த்ததுபோல. சில்லின் கால்களில் பாதி காணாமல் போகும். அரை மணி நேரத்தில் இடது புருவத்துக்கு மேல் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவார்கள். அந்த விரலைச் சாயங்காலம் வரை எடுக்கவே மாட்டார்கள். நடுவில் இரண்டு முறை வாந்தி.

எங்கள் வரிசைக்குச் சூப்பர்வைசராக ஓர் அக்கா இருந்தார். தமிழ்க்காரர்தான். அவருக்குத் தலைவலி என்பதே வந்ததில்லையாம். அதை அவர் ஒரு படிப்பு மாதிரி சொல்லிக்கொள்வார்.

"எப்படிலா ஒனக்கு மட்டும் கரெக்டா டார்கெட் டைட்டா இருக்கிற அன்னிக்கு மண்ட வலிக்குது?"

"கண்ணு தெரியலக்கா. பாதிதான் தெரியுது."

"கண்ணு தெரியலன்னா கண்ணப் புடி. தலய ஏன் புடிக்கிற?"

வரிசையில் பத்துப் பேர் சிரிப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சிரிப்பார்கள். டார்கெட் அப்படி.

கை உடைந்தால் மாவுக்கட்டு போடுகிறார்கள். பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்கிறார்கள். அம்மை வந்தால் வேப்பிலை கட்டுகிறார்கள், தெருவே ஒதுங்கி நடக்கிறது. தலைவலிக்கு வெளியே ஒன்றும் கிடையாது. முகம் மட்டும் கோணும். என் முகம் இயல்பிலேயே கொஞ்சம் அழுமூஞ்சி என்பதால் அதுவும் உதவவில்லை. கம்பெனி கிளினிக்கில் இரண்டு வெள்ளை மாத்திரையும் ஒரு நாள் எம்.சி.யும் தருவார்கள். அந்த விடுப்புச் சீட்டுகள் மூன்று மாதத்தில் ஏழு சேர்ந்துவிட்டன. இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் விசாரணை. விசாரணை முடிந்து திரும்பி வேலைக்கு வந்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது கடிதத்தைக் கையில் கொடுத்தவர் பணியாளர் நிர்வாகத்து அதிகாரி. டவுனில் பிறந்து வளர்ந்த தமிழர். கழுத்துப்பட்டை கட்டியிருப்பார். பேச்சும் இஸ்திரி போட்டதுபோல இருக்கும்.

"இங்க பாருங்கம்மா, டாக்டர் 'தலைவலி'ன்னு எழுதுறாரு. அது என்னா? நீங்க சொன்னத அவரு எழுதுறாரு. அது புரூஃப் இல்ல. ஒரு ரிப்போர்ட் கொண்டாங்க. ரத்தமோ என்னமோ. அதுல நம்பர் இருக்கணும். நம்பர் இருந்தா நான் மேல பேசி ஒங்கள பேக்கிங்குக்கு மாத்தலாம். இல்லன்னா அடுத்த லெட்டர்தான், நான் என்னா செய்ய?"

பேக்கிங் பிரிவில் மைக்ராஸ்கோப் இல்லை. கண்ணுக்குக் கீழே விளக்கு இல்லை. ஜன்னல் இருந்தது. அட்டைப்பெட்டி வாசனை வரும். அங்கே போனால் நான் வேலையில் நிலைத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். போகாவிட்டால் அடுத்த தலைவலியோடு வேலை போய்விடும் என்பதும் தெரியும். ஆக, எனக்கு ஒரு நம்பர் வேண்டும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் கணவர், "நீ யோசிக்கிறத நிறுத்து, எல்லாம் சரியாயிடும்" என்றார். அப்படி நான் என்னதான் யோசிக்கிறேன் என்று அவர் நினைத்தாரோ, இன்று வரை கேட்கவில்லை.

என் மாமியார் என் தலைவலிக்கு ஏற்கனவே மூன்று காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஈரத் தலையோடு வாசலில் நிற்பது, ஐஸ் தண்ணீர் குடிப்பது, என் அம்மா வீட்டு வழி. மூன்றாவதுதான் அவருக்குப் பிடித்த காரணம். மாற்று மருந்தும் வைத்திருந்தார். மாசித் திருவிழாவில் நான் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டிக்கொண்டது அவர், நடக்க வேண்டியது நான்.

"அத்தை, தலைவலி போனப்புறம்தானே எடுக்கணும்?"

"மொதல்லயே எடுத்துட்டா சாமிக்கு வேற வழி இல்ல. செஞ்சுதான் ஆகணும்."

சாமியை இப்படி முன்கூட்டியே மடக்கிப் போட அவருக்கு இருந்த தைரியம் எனக்கு அந்த அதிகாரியிடம் இருந்திருந்தால் நான் இந்நேரம் மேனேஜர் ஆகியிருப்பேன். டாக்டரை முதலில் பார்க்கலாமே என்றதற்கும் பதில் இருந்தது. டாக்டரிடம் போய்விட்டு சாமியிடம் போனால் அது சாமிக்கு மட்டமாம். எனவே முதலில் பால்குடம், அதற்கு ஐந்து நாள் கழித்து தெங்கேராவில் டாக்டர்.

திருவிழா அன்று எங்கள் கூட்டம் கிளம்பவே பத்து மணி ஆகிவிட்டது. பால்குடத்தோடு வெறுங்காலில் நடந்தேன். சாலையில் ஓரிடத்தில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் கால் ஒட்டிக்கொண்டு வந்தது. மேளம், அரோகரா, வெயில். கோயிலுக்குள் போனபோது இடது குதிகாலில் தோல் கழன்று, அதற்குள் ஒரு பொடிக்கல்லும் குடியேறியிருந்தது. மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினார். நாலாம் நாள் குதிகால் சிவந்து வீங்கி நீர் வடிந்தது.

"டாக்டர்கிட்ட இதயும் காட்டிடறேன் அத்தை."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. வேண்டுதல்ல பட்டத காயம்னு சொல்லக் கூடாது. சொன்னா எடுத்தது செல்லாமப் போயிடும்."

இது அவர் மட்டும் சொல்கிற சட்டம் இல்லை. எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். காவடி எடுத்த ஒருவருக்கு முதுகு ஒரு மாதம் சீழ் பிடித்துக் கிடந்தது. கேட்டவர்களிடம் எல்லாம் கொசு கடித்தது என்றார். அந்தக் கொசு ஒரு ஆட்டுக்குட்டி அளவு இருந்திருக்க வேண்டும். ஆனால் கேட்டவர்களும் "ஆமாலா, இந்த வருசம் கொசு ஜாஸ்தி" என்று தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன்.

தெங்கேராவில் பழைய கடைவீடு ஒன்றில் அந்தக் கிளினிக் இருந்தது. டாக்டர் பொறுமையான தமிழர், தடித்த கண்ணாடி. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். நான் சொன்னது கொஞ்சம்தான். மீதியை மாமியார் சொன்னார்.

"இது மைக்ரேன்மா. இதுக்கு ரத்தம் பாக்கத் தேவையில்ல" என்றார் டாக்டர்.

"நம்பர் வேணுமாம் டாக்டர்" என்றார் மாமியார், பாசாரில் மீன் கேட்பதுபோல.

டாக்டர் சிரித்தார். "ரத்தத்துல அழற்சி இருக்கான்னு காட்டுற டெஸ்ட் ஒன்னு இருக்கு. மைக்ரேனுக்கும் அதுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கலாம்னு சில பேரு பாத்துக்கிட்டு இருக்காங்க. இருக்கலாம், இல்லாமயும் போகலாம். எடுத்துப் பாக்கலாம். ஆனா ஒன்னு. நம்பர் ஏறியிருந்தா உள்ள எங்கயோ எரியுதுன்னு அர்த்தம். எங்க எரியுதுன்னு அது சொல்லாது. ஒடம்புல வேற எங்கயாச்சும் புண்ணு, காயம், காய்ச்சல் இருக்கா?"

"ஒன்னும் இல்ல டாக்டர்" என்று மாமியார் முந்திக்கொண்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். மூடிய சப்பாத்துக்குள் குதிகால் துடித்துக்கொண்டிருந்தது. இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து, வலது காலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

"இல்ல" என்றேன்.

கூச்சப்படுகிறவர்களை நல்லவர்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். நாங்கள் சொல்கிற பொய்யைக் கணக்கெடுத்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். உண்மைக்கு நாலு வாக்கியம் தேவைப்படும் இடத்தில் பொய்க்கு ஒரு சொல் போதும். நாங்கள் எப்போதும் அந்த ஒரு சொல்லைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

ரத்தத்தை எடுத்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி நிமிர்த்தி நிறுத்தினார்கள். ஒரு மணி நேரம் அப்படியே விடுவார்களாம். சிவப்பு கீழே படியும், மேலே மஞ்சள் தண்ணீர் தெளியும். எவ்வளவு வேகமாகப் படிகிறதோ அவ்வளவு அழற்சி. உள்ளறைக் கதவு திறந்திருந்ததால் வெளி நாற்காலியிலிருந்தே குழாய் தெரிந்தது. எத்தனையோ ஆயிரம் சில்லுகளைப் பார்த்து நல்லது கெட்டது பிரித்தவள், என் ரத்தம் ரிஜெக்ட் தட்டில் விழ வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐம்பத்தெட்டு. இருபதுக்குள் இருக்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில்கூட நான் நாற்பதைத் தாண்டியதில்லை.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "ஜாஸ்தியா இருக்கே. ஆறு வாரம் கழிச்சி மறுபடி பாக்கணும்" என்று தாளில் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு தாள் செய்த வேலையை என் வாந்தி, என் கண்ணீர், என் ஏழு எம்.சி. எதுவும் செய்திருக்கவில்லை. கணவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நெஜமாத்தான் வலிச்சிருக்கு" என்றார். எட்டு வருடம் ஒரே பாயில் படுத்தவர் சொன்னது அது. மாமியார் லயம் முழுவதும் போய், "எங்க மருமவளுக்கு ரத்தத்துல வீக்கம், அம்பத்தெட்டு" என்று சொல்லி வந்தார். என் பேரைச் சொல்லி அவர் பெருமைப்பட்டது அதுவே முதல் தடவை. சூப்பர்வைசர் அக்கா விஷயம் கேட்டதும் நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"ஒட்டுமா அது?"

"ஒட்டாதுக்கா."

"நீ சொல்லுவ. எதுக்கும் ஏங் கப்புல தண்ணி குடிக்காதலா."

அதிகாரி தாளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "இதத்தாம்மா நான் கேட்டேன்" என்றார், ஏதோ அவரே எனக்கு வியாதியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததுபோல. மூன்று பேர் கையெழுத்து வாங்கி அந்த வாரமே என்னை பேக்கிங்குக்கு மாற்றினார். ஆறு வாரம் கழித்து அடுத்த ரிப்போர்ட், அதைப் பார்த்து மேல்முடிவு என்றார்.

பேக்கிங்கில் எனக்கு நன்றாக இருந்தது. பெட்டியை மடிப்போம், சில்லுத் தட்டுகளை அடுக்குவோம், டேப் ஒட்டுவோம். தலைவலி அங்கேயும் வந்தது, ஆனால் குறைவாக. வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு டேப் ஒட்ட முடிந்தது. ஒருநாள் கூட எம்.சி. எடுக்கவில்லை.

ஆனால் குதிகால் ஆறிக்கொண்டு வந்தது. கல் தானாக வெளியே வந்து விழுந்தது. வீக்கம் வடிந்தது, புதுத்தோல் மூடியது. ஒவ்வொரு நாள் குளிக்கும்போதும் குதிகாலைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டால் வலிக்காத அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. எரிந்தது தலையில் இல்லை, காலில்தான் என்று நான் பாதி ஊகித்துவிட்டேன். மாமியாரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அன்று வீட்டில் அம்மன் படத்துக்கு விளக்கு வைக்கும்போது கேட்டது அவர் குரல்: "தாயே, அந்த நம்பர எறக்கிடாத." இரண்டு மாதம் முன்பு என் நோய் தீர வேண்டும் என்று அதே இடத்தில் நின்றவர். அம்மன் இந்த வீட்டுப் பெண்கள் எதைத்தான் கேட்கிறார்கள் என்று குழம்பிப் போயிருக்க வேண்டும்.

ஆறாவது வாரம், கிளினிக் போகிற அன்று காலையிலேயே கண் ஓரத்தில் வெளிச்சம் நெளியத் தொடங்கியது. கணவர் லோரியிலேயே கொண்டுபோய் இறக்கினார். மாமியார் எதிர்க்கடையில் ஊதுபத்தி வாங்கப் போய், கடைக்காரரோடு பேச்சில் நின்றுவிட்டார். நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அந்தக் குழாய்க்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு சரியாக இறங்கவே இல்லை. உள்ளே மண்டை வெடித்துக்கொண்டிருந்தது, வெளியே என் ரத்தம் நல்ல பிள்ளையாகக் கைகட்டி நின்றது.

பன்னிரண்டு.

டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேற எங்கயாச்சும் புண்ணு இருந்திச்சா அப்ப?" என்று அதே கேள்வியை மறுபடி கேட்டார். இந்த முறை முந்திக்கொள்ள ஆள் இல்லை. நான் செருப்பைக் கழற்றிக் குதிகாலைக் காட்டினேன். புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது.

"இது எப்ப?"

"மாசித் திருவிழாவுல."

"மொதல் டெஸ்ட்?"

"அதுக்கு அஞ்சு நாள் கழிச்சி."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப நாம பாத்தது ஒங்க குதிகாலம்மா."

"அப்படின்னா எனக்குத் தலைவலி இல்லையா டாக்டர்?"

"இப்ப வலிக்குதா?"

"வலிக்குது. வெளிச்சம் குத்துது."

"அப்ப இருக்கு. நம்பர்தான் இல்ல."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒரு கடிதம் எழுதினார். எனக்கு மைக்ரேன் இருக்கிறது, அதை ரத்தத்தில் தேடக் கூடாது, மைக்ராஸ்கோப் வேலை அதைக் கிளப்பிவிடும் என்று. வலி தொடங்கியவுடன் போட மாத்திரையும் கொடுத்தார்.

கணவர் திரும்பி வந்து ஏற்றிக்கொண்டு, என்னைத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டு மாமியாரோடு போய்விட்டார். அதிகாரியின் அறையில் தலைக்கு மேலே நாலு வெள்ளைக் குழல் விளக்கு. அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அம்பத்தெட்டு, பன்னெண்டு. குட். சரியாயிடுச்சி. திங்கக்கெழம பழைய எடத்துக்குப் போயிடுங்க."

'சரி சார்' என்று ஒரே ஒரு சொல் சொன்னால் எழுந்து போய்விடலாம். அந்தச் சொல் வாய்க்குள் வந்தும்விட்டது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"சார், லைட்ட கொஞ்சம் அணைக்கிறீங்களா."

ஒரு அதிகாரியிடம் நான் வாழ்க்கையில் கேட்ட முதல் உதவி அது. அவர் திகைத்துப் போய் எழுந்து அணைத்தார். அரை இருட்டில் பேச எனக்கு வசதியாக இருந்தது. முதல் தாள் என் குதிகாலுடையது, தார் ரோட்டில் நடந்தது, நான் டாக்டரிடம் பொய் சொன்னேன், இரண்டாவது தாள் எடுத்தபோது எனக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது, நம்பர் நன்றாக இருக்கிறது, நான்தான் நன்றாக இல்லை. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். டாக்டர் கடிதத்தையும் நீட்டினேன்.

அவர் ஐம்பத்தெட்டுத் தாளை மறுபடி கையில் எடுத்தார்.

"அப்ப நான் ஒரு காலுக்காகவா ஒங்கள மாத்தினேன்?"

"ஆமா சார்."

"மேல மூணு பேரு சைன் பண்ணியிருக்காங்கம்மா. ரீசன், பிளட்னு போட்டிருக்கு. இப்பப் போயி நான் அது கால்னு எப்படிச் சொல்றது? எங்கிட்ட என்னா கேப்பாங்க தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஆனால் அவர் முகத்தை அந்த அரை இருட்டிலும் பார்க்க முடிந்தது. அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். நம்ப மாட்டார்களே என்று பயந்தவர் முகம்.

ஐம்பத்தெட்டுத் தாளை ஃபைலில் வைத்தார். டாக்டர் கடிதத்தை அதன் மேல் வைத்துக் குத்தினார். பன்னிரண்டுத் தாளை மடித்து மேசையின் அடி டிராயரில் போட்டு மூடினார்.

"ரத்தம் ஏறும் எறங்கும்னு எழுதிக்கிறேன். பேக்கிங்லயே இருங்க. ஆனா இன்னொரு டெஸ்ட் மட்டும் எடுத்துக்கிட்டு வந்துடாதீங்கம்மா."

இப்படியாக, உண்மையைச் சொன்ன தாள் டிராயருக்குள்ளும் பொய் சொன்ன தாள் ஃபைலுக்குள்ளும் போய், எனக்கு நியாயம் கிடைத்தது. சாயங்காலம் மாமியாரிடம் சொன்னேன், பேக்கிங்கிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று. மீதியைச் சொல்லவில்லை. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாமி கைவிடவில்லை, அடுத்த மாசியிலும் நீ ஒரு குடம் எடுக்க வேண்டும் என்றார். செருப்புப் போட்டுக்கொண்டு எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டார்.

மறுநாள் தலைவலி விட்டிருந்தது. வழக்கமான பஸ்ஸில் வேலைக்குப் போனேன். சாயங்காலம் வரை பெட்டிகளுக்கு டேப் ஒட்டினேன்.